கடைமடையிலிருந்து ஒரு புகழுரை

கல்லணையில் பிரிகிற கால்வாய், தஞ்சை மாவட்டத்தைக் கடந்து, ஏறக்குறைய 148 கிலோமீட்டர் ஓடி, எங்கள் மணமேல்குடிப் பக்கத்து மும்பாலை ஏரியில் வந்து முடிகிறது. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பாசனத்துக்கு வந்த கால்வாய் அது. அன்று முதல் நாங்கள் கடைமடைக்காரர்கள். தண்ணீர் எப்போது வரும் என்று நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மும்பாலை விவசாயி ஒருவரிடம், "தண்ணி எப்படிண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "மேட்டூர் நெறஞ்சு வழியுதாம் தம்பி" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. முழுக் கொள்ளளவில் 120 அடி, 93 டிஎம்சிக்கு மேல் தண்ணீர். அணையைக் கட்டியவர்களின் திறமையில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மனதாரத்தான் புகழ்கிறார். அவர் காலடியில் வெடித்துக் கிடக்கும் வயலைக் கேட்டவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லினக்ஸில் மென்பொருள் நிறுவும் முறையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்தக் குரல்தான் முன்னால் வருகிறது. மணமேல்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், லேப்டாப் பழுது. பதினைந்து ஆண்டாக இதுதான் தொழில். எத்தனையோ மென்பொருள்களை எத்தனையோ கணினிகளில் ஏற்றியிருக்கிறேன். அத்தனையிலும் நான் கண்ட உத்தமமான முறை டெபியன் லினக்ஸின் ஆப்ட். இனி நான் சொல்லப்போகும் புகழ் ஒவ்வொன்றும் அறிந்து, சோதித்து, நம்பிச் சொல்வது.

முதலில் அதன் நேர்மையைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் கணினியில் ஒரு இலவச மென்பொருள் வேண்டுமென்றால், அந்த நாட்களில் எங்கேயோ தேடி, பச்சை நிறத்தில் மின்னும் நாலைந்து பொத்தான்களில் உண்மையானது எது என்று ஊகித்து, இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தி முடித்தால், கேட்காத கருவிப்பட்டை இரண்டு மூன்று கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். வைரஸ் என்று சொல்லி என் மேசைக்கு வந்த கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படித்தான் நோய் வந்தது. ஆப்டில் ஒரே வரி. 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று எழுதி வேண்டியதன் பெயரைச் சொன்னால் போதும். களஞ்சியத்தில் அதைத் தேடும். அது ஓடுவதற்கு வேறு எந்தெந்தத் தொகுப்புகள் துணைக்கு வேண்டும் என்று பார்க்கும். ஏற்கெனவே இருப்பவற்றைக் கழித்துவிட்டு மீதியைப் பட்டியலிடும். இத்தனை எம்பி இறக்க வேண்டும், வட்டில் இத்தனை இடம் பிடிக்கும் என்று கணக்குச் சொல்லும். பிறகு, தொடரலாமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் எதையும் தொடாமல் விலகிக்கொள்ளும்.

கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல மெக்கானிக் எஞ்சினை மட்டும் பார்க்க மாட்டார். இந்த எஞ்சினுக்கு இந்த ஷாஃப்ட், அந்த ஷாஃப்டுக்கு இந்தப் புஷ், அதற்கு இன்ன அளவு போல்ட் என்று மொத்தச் சங்கிலியையும் மனதில் வைத்திருப்பார். ஆப்ட் அப்படிப்பட்ட மெக்கானிக். அது வருவதற்கு முன்னால் லினக்ஸ்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, ஒரு தொகுப்பை நிறுவவும் நீக்கவும் டிபிகேஜி என்ற கருவி வந்துவிட்டது. ஆனால் கையில் இருக்கும் தொகுப்பை ஏற்றத்தான் அதற்குத் தெரியும். துணைத் தொகுப்பு இல்லையென்றால், இன்னது இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அதைத் தேடிக் கொண்டுவந்தால் அது இன்னொன்றைக் கேட்கும். அந்தச் சங்கிலியைத் தானே பிடித்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்க்கும் ஆப்ட், 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1இல் சேர்ந்தது. ஆப்பிள், கூகுள் கடைகளெல்லாம் அதற்கு ஒன்பது ஆண்டு கழித்துத்தான் கைப்பேசியில் வந்தன. ஒரே இடத்திலிருந்து, நம்பி, ஒரு சொல்லில் மென்பொருள் வாங்கலாம் என்று காட்டியவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

அதன் காவலும் பெரிது. டெபியன் 4.0 வெளியான 2007 முதல், களஞ்சியத்தின் பட்டியலுக்குக் கையொப்பம் உண்டு. வழியில் யாராவது ஒரு தொகுப்பை மாற்றி வைத்தால் கையொப்பத்தோடு கணக்குப் பொருந்தாது. ஆப்ட் எச்சரித்து நிற்கும். இயங்குதளத்தின் உயிர்நாடியான ஒன்றை நீக்கச் சொன்னால் அந்த நாட்களில் வெறும் 'ஒய்' எழுத்தை ஏற்காது. 'ஆமாம், நான் சொல்கிறபடி செய்' என்ற பொருளில் முழு ஆங்கில வாக்கியத்தையும் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்யச் சொல்லும். தவறு செய்யப்போகிறவனின் கையைப் பிடித்துக் கண்ணைப் பார்த்துக் கேட்பது போன்றது அது. பாதி இறங்கியபோது இணைப்பு அறுந்தால், இறங்கிய பாதியைத் தூக்கிப் போடாமல் தனி அடைவில் வைத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். உதவிக் குறிப்பின் கடைசியில், தனக்கு மாட்டின் மகாசக்தி இருப்பதாக ஒரு வரி வைத்திருக்கிறார்கள். மாடு என்றால் செல்வம் என்று பொருள் சொல்லும் மொழிக்காரனுக்கு அந்த வரி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

களஞ்சியத்தின் நிறைவைச் சொன்னால் மேட்டூர் நினைவு வரும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் 64,000க்கு மேற்பட்ட தொகுப்புகள். கணக்கு எழுத, படம் வரைய, பாட்டுப் பதிய, நிலவரைபடம் போட, மூலக்கூறு பார்க்க, கப்பல் வழி குறிக்க என எல்லாம் இருக்கிறது. எதற்கும் விலை இல்லை. ஒவ்வொரு தொகுப்பையும் ஒருவரோ ஒரு குழுவோ பொறுப்பேற்றுப் பராமரிக்கிறார்கள். 2024 மார்ச் மாதம் எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்கக் கருவியில் யாரோ திருட்டுக் கதவு ஒன்றை மறைத்து வைத்திருந்தார்கள். டெபியனின் சோதனைப் பதிப்பு வரை வந்துவிட்ட அதை ஆண்ட்ரெஸ் ஃப்ரோய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆனதுதான் அவருக்குச் சந்தேகம் தந்தது. நிலைப் பதிப்பை அது எட்டவில்லை. அரை நொடித் தாமதத்தைப் பொறுக்காத மனிதர்கள் காக்கிற களஞ்சியம் அது.

அரை நொடி. அந்தச் சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்களுக்குத் தாமதம் என்றால் வேறு அளவு.

2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வந்த அந்தக் கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது டெபியனை அடித்தளமாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கென்று 2007இல் வெளிவந்தது. வேறெந்த மாநிலமும் அந்த அளவில் யோசித்திராத காலத்தில், வலை இழுக்கிறவர் வீட்டுப் பிள்ளையின் மடியில் ஒரு கணினியும் அதற்குள் ஒரு சுதந்திரமான இயங்குதளமும் வந்து உட்கார்ந்தன. நன்றி என்ற சொல்லைக் குறைத்து எழுத எனக்கு மனம் வராது.

2013இல், மழை தொடங்குவதற்கு முன்னால், ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். பிளஸ் டூ. அப்பா நாட்டுப்படகுக்காரர். ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்துக் கரையைக் கணிக்கிறவர். வானத்தைக் கணினியில் அப்படியே காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் இருப்பதாக இயற்பியல் வகுப்பில் கேள்விப்பட்டிருந்தாள். விலை இல்லை, லினக்ஸில் ஒரே வரியில் ஏற்றிவிடலாம் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரியை ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணே, இத அடிச்சா வந்துருமாண்ணே?"

அடிக்கச் சொன்னேன். அடித்தாள். ஆப்ட் தன் இயல்பு மாறாமல் நேர்மையாகப் பதில் சொன்னது. மென்பொருள் ஒரு தொகுப்பு, நட்சத்திரத் தரவு இன்னொரு தொகுப்பு, துணைக்கு இன்னும் சில, பல பத்து எம்பி இறக்க வேண்டும், தொடரலாமா? என்னிடம் இருந்தது 2ஜி டேட்டா கார்டு. நல்ல நேரத்தில் நொடிக்கு எட்டு கேபி வரும். ஒரு எம்பிக்கு இரண்டு நிமிடம். அறுபது எம்பி என்று வைத்தால் இரண்டு மணி நேரம். அது மின்வெட்டுக் காலம். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கரண்ட் இருந்ததில்லை. லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு. தெருமுனை டவருக்கு எவ்வளவு நேரம் உண்டு என்று எனக்குத் தெரியாது. அவள் 'ஒய்' அழுத்தினாள். பன்னிரண்டு சதவீதம் வந்தபோது இணைப்பு போனது. ஆப்ட் பன்னிரண்டு சதவீதத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தது. மறுநாள் வந்தாள், பத்தொன்பது. மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று திரையில் தெளிவாக எழுதியிருந்தது, எல்லாம் ஆங்கிலத்தில். கணினியின் மொழியைத் தமிழாக வைத்திருந்தாள். மெனுவெல்லாம் தமிழில்தான் இருந்தது. பிழை வந்த இடத்தில் மட்டும் தமிழ் இல்லை. எனக்கும் அன்று அது புரியவில்லை. களஞ்சியத்தின் முகவரியைத் தேட முடியவில்லை என்று அது சொன்னதை, அப்படி ஒரு பொருளே இல்லை என்று சொல்வதாக நினைத்து, "இல்லையாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருந்தது. அந்தக் களஞ்சியத்தில் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இல்லை என்று சொன்னவன் நான்.

அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் வேறு கோரிக்கையோடு வந்தார்கள். "லினக்ஸத் தூக்கிட்டு அந்த எடத்த டி டிரைவா போட்டுக் குடுங்கண்ணே." அவர்களிடம் தப்பில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து இன்னது செய்யலாம் என்று காட்டிய ஒருவரும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு கணினிக்கு 150 ரூபாய் வாங்கினேன். எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் இன்று அதைப் பார்க்கத் தைரியம் இருந்திருக்காது. ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பேன், ஏதாவது கோப்பு இருந்தால் எடுத்து வைக்கலாம் என்று. அந்த லினக்ஸ் பக்கங்களின் தூய்மையைச் சொல்லாமல் விட முடியாது. ஓராண்டு, ஈராண்டு ஆன கணினிகள். விசைப்பலகையில் எழுத்து தேய்ந்திருக்கும், மூலை உடைந்திருக்கும், விண்டோஸ் பக்கம் பாட்டும் படமும் வைரஸும் நிரம்பி மூச்சுத் திணறும். லினக்ஸ் பக்கம் மட்டும் தந்த நாளில் இருந்தபடி இருக்கும். ஒரு கோப்பு இல்லை. ஒரு கீறல் இல்லை. கையொப்பமிட்ட தொகுப்புகள் ஒன்றும் இடம் மாறாமல் வரிசையாக இருக்கும்.

அதியமானுக்காகத் தூது போன அவ்வை தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டு நம் எல்லோருக்கும் பள்ளியில் பாடமாக இருந்தது. அவன் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூட்டி, அழகாக இருக்கின்றன, என் தலைவன் ஆயுதங்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பதுதான் செய்தி. வஞ்சப்புகழ்ச்சிக்கு அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அவ்வை அங்கே ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பது எனக்கு இந்தத் தொழிலில்தான் விளங்கியது. தொண்டைமானின் வேல்கள் உண்மையாகவே பளபளத்தன. எங்கள் பிள்ளைகளின் லினக்ஸும் அப்படித்தான் பளபளத்தது.

இனிச் சொல்ல வேண்டியது எனக்குக் கடினமானது. இணைப்பு இல்லாத இடத்தை ஆப்ட் மறந்தே இருக்கவில்லை. 'ஆப்ட்-சிடிராம்' என்று ஒரு கட்டளை அதனுடன் எப்போதும் உண்டு. டெபியன் தன் களஞ்சியம் முழுவதையும் வட்டுகளாகவும் வெளியிட்டு வந்தது. 2013 மே மாதம் வந்த டெபியன் 7, பத்து டிவிடிக்குள் மொத்தமாக அடங்கியது. ஒவ்வொரு வட்டையும் கணினியில் போட்டு அந்தக் கட்டளையைக் கொடுத்தால் போதும். பிறகு எந்த மென்பொருளைக் கேட்டாலும், இன்ன எண் வட்டைப் போடு என்று ஆப்ட் சொல்லும், போட்டால் நிறுவிவிடும். டவர் வேண்டாம், டேட்டா கார்டு வேண்டாம். எழுதாத டிவிடி ஒன்று அறந்தாங்கியில் அன்று 15 ரூபாய்க்குக் கிடைத்தது. பத்து வட்டு 150 ரூபாய்.

அந்தப் பக்கத்தை அழிக்க நான் வாங்கிய கூலியும் 150 ரூபாய்.

பள்ளிக்கு ஒரு செட் வட்டு, ஊருக்கு ஒரு செட் வட்டு. ஏரி வெட்டித் தண்ணீரைத் தேக்கிவைக்கிற ஊர்கள் இவை. கால்வாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு என்று மும்பாலையில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். தண்ணீருக்குச் செய்ததை மென்பொருளுக்குச் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. கணினியைக் கொடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. கடை வைத்திருந்த எனக்கும் தோன்றவில்லை. களஞ்சியத்தை மட்டும் குறை சொல்ல வழியே இல்லை. அது கதவைத் திறந்து வைத்திருந்தது. பத்து வட்டில் மூட்டை கட்டியும் வைத்திருந்தது.

இன்னொரு வழியும் இருந்திருக்கிறது. ரிதேஷ் ராஜ் சராஃப் என்ற இந்திய டெபியன் உருவாக்குநர் ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவியை எழுதியிருக்கிறார். நிரலைப் படித்ததில்லை என்றாலும், எழுதியவருக்கு நம் ஊர்களின் நிலைமை தெரியும் என்பது வேலை செய்யும் விதத்திலேயே தெரிகிறது. இணைப்பில்லாத கணினியில், எனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு இணைப்பிருக்கும் எந்தக் கணினிக்கும் போகலாம். அது விண்டோஸாக இருந்தாலும் சரி. அங்கே சீட்டில் உள்ளதெல்லாம் ஒரு மூட்டையாக இறங்கும். மூட்டையைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால், கையொப்பம் சரிபார்த்து ஆப்ட் நிறுவிக்கொள்ளும். அம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு பிள்ளை பஸ் ஏறி மளிகை வாங்கி வருவது போலத்தான். அறந்தாங்கிக்குத் தினமும் கல்லூரிக்குப் போய் வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்! நான் அந்தக் கருவியைப் பற்றித் தெரிந்துகொள்வதற்குள் அவர்கள் படிப்பை முடித்துவிட்டார்கள்.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் புகழ்வதற்கு இன்னும் இருக்கிறது. கேரளம் தன் அரசுப் பள்ளிகளுக்கென்று லினக்ஸ் பதிப்பைத் தானே தயாரிக்கிறது. முன்பு ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரில் இருந்த அமைப்பு, இப்போது கைட். பாடப்புத்தகத்தில் எந்த மென்பொருளைக் கொண்டு பாடம் வருகிறதோ அது இயங்குதளத்துக்குள்ளேயே முன்கூட்டி இருக்கும். ஆசிரியர்களுக்கு அதிலேயே பயிற்சி. பிள்ளை நிறுவ வேண்டியது ஒன்றுமில்லை, திறக்க வேண்டியதுதான். 2023 செப்டம்பரில் உலக டெபியன் உருவாக்குநர்கள் கூடிய மாநாடு கொச்சியில் நடந்ததை நான் ஒரு தற்செயலாக நினைக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் விழுப்புரத்தில் சிறிய டெபியன் மாநாடு ஒன்று நடந்தது. உள்ளூர் லினக்ஸ் குழுப் பிள்ளைகள் நடத்தினார்கள். பெருநகரமே அல்லாத விழுப்புரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 2012 முதல் கணியம் மின்னிதழ் தமிழிலேயே லினக்ஸ் கட்டளைகளை எழுதிவந்தது. ஆப்ட் திரையில் சொல்கிற ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் என்ன பொருள் என்று நான் மெல்ல மெல்லக் கற்றது அந்த மாதிரித் தமிழ்க் கட்டுரைகளில்தான். அந்தப் பெண்ணிடம் "இல்லையாம்மா" என்று சொன்ன அன்றைக்கே அந்த இதழ் இருந்தது. நான்தான் தேடிப் போகவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்பதை எழுத இது இடமில்லை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, பல நாள் டவர் இல்லை. நிவாரணக் கணக்குக்காக ஒரு லேப்டாப்பை ஜெனரேட்டரில் ஓட்டினோம். அதன் லினக்ஸ் பக்கத்தில் அச்சுப்பொறி இயக்கி இல்லை. டெபியன் களஞ்சியம் உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஓரிடம் அழிந்தாலும் இன்னோரிடம் தரும். அந்த ஏற்பாட்டின் அறிவை நான் அன்றைக்கு மனதில் வியந்துகொண்டே, யாரோ ஐந்து ஆண்டுக்கு முன்னால் என் கடையில் விட்டுப்போன ஒரு கீறல் விழுந்த சிடியிலிருந்து விண்டோஸ் இயக்கியை ஏற்றி வேலையை முடித்தேன். நூற்றுக்கணக்கான பிரதிகளில் ஒன்று மணமேல்குடியில் இருந்திருந்தால் அந்தச் சிடியை நான் தேடியிருக்க மாட்டேன்.

இப்போது 4ஜி, 5ஜி எல்லாம் வந்துவிட்டது. ஸ்னாப், ஃபிளாட்பேக் என்று புது முறைகளும் வந்திருக்கின்றன. ஒரு மென்பொருள் தன் துணைகளைத் தானே சுமந்துகொண்டு வரும், சார்புச் சிக்கலே கிடையாது, சுமை பெரிது. ஸ்னாப் இயல்பாகவே ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிப்புத் தேடும். எந்நேரமும் இணைப்பில் இருக்கிறவனுக்கு அது நல்ல காவல். நாளுக்கு இத்தனை ஜிபி என்று ரீசார்ஜ் செய்து, அதைத் தம்பியோடு பங்கு போடும் பிள்ளைக்கு என்னவென்று அதை எழுதியவர்கள் மணமேல்குடிக்கு வந்து பார்த்தால் தெரியும்.

போன ஆண்டு, மீன்பிடித் தடைக்காலத்தில், அந்தப் பெண்ணின் தம்பி ஒரு பழைய லேப்டாப்போடு வந்தான். அக்காவைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.

"அண்ணே, இதுல ஏதும் இருக்கா பாருங்க. இல்லன்னா எடைக்குப் போட்டுறலாம்."

பேட்டரி செத்திருந்தது. சார்ஜரைச் செருகித் திறந்தேன். என் கையால் அழியாத ஒரு லினக்ஸ் பக்கம். டெர்மினலைத் திறந்து மேல் அம்பை ஒரு முறை அழுத்தினேன். முன்பு அடித்த கட்டளையை அது நினைவில் வைத்திருக்கும். கடைசியாக அடித்த வரி திரையில் வந்து நின்றது: 'சுடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால் ஸ்டெல்லேரியம்'. அதற்கு மேலும் அதே வரி. அதற்கு மேலும் அதே வரி. மொத்தம் பதினொரு முறை. என் கடையில் மூன்று நாள்தான் வந்தாள். மீதி எட்டும் வீட்டில், இணைப்பே இல்லாமல் அடித்தது.

அந்தப் பதிப்பின் ஆயுள் முடிந்து பல ஆண்டு ஆகிவிட்டது. டெபியன் ஆயுள் முடிந்த பதிப்புகளைத் தூக்கி எறிவதில்லை. பழங்காப்பகம் ஒன்றில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. முகவரிக் கோப்பைத் திருத்தி அங்கே திருப்பிவிட்டேன். கையொப்பத்தின் காலம் கடந்துவிட்டது என்று ஆப்ட் எச்சரித்தது. சரி என்றேன். பன்னிரண்டாம் முறையாக அந்த வரியை அனுப்பினேன். அதே கணக்கைச் சொல்லி, தொடரலாமா என்று அதே கேள்வியைக் கேட்டது. தம்பியை அழுத்தச் சொன்னேன். அவன் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் நான்கு நிமிடம் ஆனது.

ஸ்டெல்லேரியம் திறந்தது. அவன் அக்காவுக்கு வீடியோ கால் போட்டுத் திரையைக் காட்டினான். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை.

"இது எந்த ஊரு வானம்ண்ணே?"

பார்த்தேன். பாரிஸ் என்று இருந்தது. நிறுவியவுடன் அது அந்த ஊரைத்தான் காட்டும். பட்டியலில் எங்கள் ஊரைத் தேடினேன், இல்லை. வடக்கு 10 டிகிரி, கிழக்கு 79 டிகிரி என்று கையால் அடித்தேன். வானம் ஒரு முறை சுழன்று நின்றது.

"ஆறாமீன் எங்க இருக்குன்னு அப்பாவக் கூப்பிட்டுக் கேளுடா" என்றாள்.